நள்ளிரவு ராகமும் நகரும் அடித்தளமும்: மால்கௌன்ஸை ஜாஸ் கற்பனையோடு இணைப்பதில் எழும் ஒரு சிக்கல்

ஜாஸ் இசையின் கற்பனைப் பகுதியையும் இந்துஸ்தானி இசையின் இரவு ராகங்களையும் ஒன்றிணைக்கும் புதிய ஆக்கங்களைப் பற்றி எழுதியோரிடையே, முடிந்த முடிபுபோல நிலவிவரும் கருத்து ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் ஜாஸ், அடிக்கடி மாறும் சுர அடுக்குகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின்) பிடியிலிருந்து விலகி, ஒரே சுரவரிசையின்மீது நெடுநேரம் கற்பனை செய்யும் முறைக்கு வந்துவிட்டதால் அது ராக ஆலாபனையை நெருங்கிவிட்டது என்பதும், ஆகவே பொருத்தமான சுரவரிசையைத் தேர்ந்துகொண்டால் ராகமும் அதற்குரிய பொழுதும் தாமே வந்துசேரும் என்பதும் அக்கருத்தின் சாரம். இதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது மால்கௌன்ஸ். சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்னும் அதன் ஐந்து சுரங்களும், ஜாஸ், புளூஸ் கலைஞர்கள் கையில் நாளும் புழங்கும் சிறு ஐந்திசை வரிசையின் சுரங்களே என்பதால், நள்ளிரவு ராகம் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. இக்கட்டுரை அந்தச் சான்றையே மீண்டும் ஆராய்ந்து, அது காட்டுவதாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது என நிறுவ முயல்கிறது.

முதலில், பொழுது என்பது சுரவரிசையில் இல்லை என்பதற்கு இந்துஸ்தானி மரபே போதிய சான்று தருகிறது. பூபாலியும் தேஷ்காரும் ஒரே ஐந்து சுரங்களால் ஆனவை. கர்நாடக இசையில் அந்த ஐந்தும் மோகனம். ஆயினும் பூபாலி இரவின் முதற்சாமத்துக்கும் தேஷ்கார் காலைக்கும் உரியவை. பூபாலியில் காந்தாரம் வாதி, அதாவது ராகத்தின் தலைமைச் சுரம். இசை கீழ்ப்பாதியில் தங்கி நடக்கும். தேஷ்காரிலோ தைவதம் தலைமை ஏற்க, இசை மேற்பாதிக்கு ஏறிவிடும். அதுபோலவே முற்பகலுக்குரிய ஜௌன்புரியும் நள்ளிரவுக்குரிய தர்பாரி கானடாவும் ஏழு சுரங்களையும் பொதுவில் கொண்டவை. தர்பாரியின் காந்தாரம் மந்தமாக அசைந்து ரிஷபத்தின் பக்கம் சாய்வதும், அந்த ராகம் மந்தர ஸ்தாயியை விட்டு எளிதில் எழாமல் இருப்பதுமே அதனை இரவுக்கு உரியதாக்குகின்றன. மத்தியமத்தின் வகையையும் வாதி நிற்கும் பாதியையும் கொண்டு பொழுதை வகுத்த பாத்கண்டேயின் (1860–1936) கோட்பாட்டில் விதிவிலக்குகள் மிகுதி என்பது உண்மையே. எனினும் அந்தக் கோட்பாடுகூடச் சுரங்களின் பட்டியலை மட்டும் வைத்துப் பொழுதைத் தீர்மானிக்கவில்லை.

தமிழ் மரபும் இதையே சொல்கிறது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுக்கும் முறையைச் சுட்டி, தமிழிசைக்கும் இந்துஸ்தானி இசைக்கும் பொழுதுக் கோட்பாடு பொது என்று வாதிடுவோர் உண்டு; அவ்வளவில் மறுப்பதற்கில்லை. ஆனால் பகற்பண்ணாகிய தக்கேசியையும் இராப்பண்ணாகிய தக்கராகத்தையும் இன்றைய ஓதுவார் மரபு காம்போதி என்னும் ஒரே ராகத்தில் பாடிவருவதை இவ்வாதம் கணக்கில் கொள்வதில்லை. புதுச்சேரியில் உள்ள திருவாண்டார்கோயில், அதாவது திருவடுகூர், தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. குறிஞ்சி இராப்பண், இன்று அது பாடப்படுவதோ ஹரிகாம்போதியில், எந்தப் பொழுதுக்கும் இசையும் ராகத்தில். பண்ணின் பழைய வடிவம் இழக்கப்பட்டுவிட்டதே காரணம் என்று இதற்கு விடை கூறலாம். அப்படியே கொண்டாலும், சுரங்கள் தங்கிவிட்டபோது பொழுது தங்கவில்லை என்பதுதானே அதன் பொருள்?

இனி மால்கௌன்ஸுக்கு வரலாம். இதன் சுரங்கள் கர்நாடக இசையின் ஹிந்தோளத்துக்கும் உரியவை. ஹிந்தோளத்தைக் காலைக் கச்சேரியில் பாடினாலும் யாரும் குறை சொல்வதில்லை. மால்கௌன்ஸை இரவாக்குவது, மத்தியமத்தின்மேல் அது கொள்ளும் நீண்ட நிலையும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும் ‘மீண்ட்’ என்னும் அசைவும், தம்புராவின் சுருதியும் ஆகும். இந்த ராகத்தில் பஞ்சமம் இல்லை என்பதால் தம்புராவின் முதல் தந்தி பஞ்சமத்துக்குப் பதில் மத்தியமத்தில் கூட்டப்படுகிறது. ஆகவே இசை தொடங்குமுன்பே சட்ஜமும் மத்தியமமும் மட்டும் ஒலிக்கும் ஒரு வெளி உருவாகி, பாடகர் அதற்குள் நுழைகிறார். இந்த வெளியை ஒரு ஜாஸ் குழுவிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை முந்தைய ஆய்வுகள் விரிவாகப் பார்க்கவில்லை.

சட்ஜத்தை அடித்தளமாகக் கொண்டு பியானோ ஒரு மூன்றுசுர அடுக்கை இசைக்க வேண்டுமானால் அதற்குப் பஞ்சமம் தேவை. பஞ்சமமோ இந்த ராகத்துக்கு அயல்சுரம். ராகத்தின் ஐந்து சுரங்களுக்குள் நின்று இயல்பான மூன்றுசுர அடுக்கை அமைக்க வழிகள் இரண்டே: மத்தியமம், தைவதம், சட்ஜம் என்பது ஒன்று, தைவதம், சட்ஜம், காந்தாரம் என்பது மற்றொன்று. இரண்டிலுமே அடித்தளச் சுரம் சட்ஜம் அன்று. எனவே ராகத்துக்கு உண்மையாக இருக்க விரும்பும் பியானோ கலைஞர், அந்த விருப்பத்தாலேயே ராகத்தின் சட்ஜத்தைக் கைவிட நேர்கிறது. பாஸ் வாத்தியம் இதனை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. ஜாஸ் பழக்கப்படி சுரத்துக்குச் சுரம் நடந்து செல்லும் பாஸ் எந்தச் சுரத்தில் காலூன்றுகிறதோ அதுவே கேட்போர் காதில் சட்ஜமாகிவிடும். பாஸ் மால்கௌன்ஸின் தைவதத்தில் நின்றால், அதே ஐந்து சுரங்கள் மோகனமாக, இந்துஸ்தானி வழக்கில் பூபாலியாகக் கேட்கின்றன. மத்தியமத்தில் நின்றால் சுத்த தன்யாசி. காந்தாரத்தில் நின்றால் சுத்த சாவேரி, அங்கே துர்கா. நிஷாதத்தில் நின்றால் மத்தியமாவதி, அங்கே மேக். பூபாலி இரவின் முதற்சாமத்துக்குரியது, மேக் மழைக்காலத்துக்குரியது, மத்தியமாவதி நம் கச்சேரிகளில் மங்களத்தோடு வருவது. மேலே சாக்சபோன் ஒரு சுரம்கூடப் பிசகாமல் மால்கௌன்ஸை இசைத்துக்கொண்டிருக்க, கீழே பாஸ் அதனை நள்ளிரவிலிருந்து முன்னிரவுக்கும், அங்கிருந்து மழைக்காலத்துக்கும் இழுத்துச் சென்றுவிடுகிறது. ஐந்து சுரங்களின் ஒற்றுமை இங்கே பாலமாக இல்லை, அதுவே இடர்ப்பாடாகிறது. சுரங்கள் வேறாக இருந்திருந்தால் பிழை காதில் உறுத்தியிருக்கும். ஒன்றாக இருப்பதால் ராகம் மாறியதை யாரும் கவனிப்பதில்லை.

இங்கே கர்நாடக இசை வல்லுநர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். சுருதிபேதம், அதாவது கிரகபேதம், நம் மேடைகளில் நெடுநாளாகச் செய்யப்பட்டு ரசிக்கப்படுவதுதான். அதனைச் செய்பவரை ராகத்தைக் கெடுத்தவர் என்று எவரும் சொல்வதில்லையே? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று; ஆனால் அதுவே இக்கட்டுரையின் கருத்தை உறுதிப்படுத்துகிறது. கச்சேரியில் ஹிந்தோளத்தின் தைவதத்தைச் சட்ஜமாகக் கொண்டு மோகனத்தைக் காட்டும் பாடகரின் பின்னால் தம்புரா பழைய சட்ஜத்தையே விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவர் ஒரே நேரத்தில் இரண்டு ராகங்களையும் உணர்கிறார்; பாடகர் திரும்பி வருவார் என்பதையும் அறிந்திருக்கிறார்; சில நொடிகளில் அவர் திரும்பியும் விடுகிறார். ஜாஸ் பாஸ் நகரும்போது திரும்பி வருவதற்கான அந்த வீடே நகர்ந்துவிடுகிறது. எந்தச் சுரத்தை அடித்தளமாக்குகிறோம் என்பதைவிட, பழைய அடித்தளம் கூடவே ஒலிக்கிறதா என்பதே இரண்டு செயல்களையும் வேறுபடுத்துகிறது.

இந்தக் கோணத்திலிருந்து அறியப்பட்ட ஒலிப்பதிவுகளைப் பார்த்தால், அவற்றின் குழு அமைப்பிலேயே ஒரு ஒழுங்கு தென்படுகிறது. கொல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த சாக்சபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் 1966இல் வெளியிட்ட ‘இந்தோ ஜாஸ் சூட்’டில் சித்தார், தபலா, தம்புராவுடன் பியானோவும் பாஸும் டிரம்ஸும் இடம்பெற்றன. அதில் பெயர் சுட்டி எடுத்தாளப்பட்ட ராகங்கள் மேக், கௌட் சாரங் ஆகியவை. முன்னது மழைக்காலத்துக்கும் பின்னது நண்பகலுக்கும் உரியவை. நள்ளிரவு ராகம் அங்கில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஜான் ஹேண்டியின் சாக்சபோனும் அலி அக்பர் கானின் சரோடும் சேர்ந்த ‘கருணா சுப்ரீம்’ பதிவில் (1975) ஜாகிர் உசேனின் தபலாவும் ஒரு தம்புராவும் தவிர வேறு வாத்தியம் இல்லை என்பதையும், எல். சங்கர், டி.எச். விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோரோடு ஜான் மெக்லாஃப்லின் அமைத்த ‘சக்தி’ குழுவில் பாஸ், பியானோ, டிரம்ஸ் மூன்றும் இல்லை என்பதையும் தற்செயல் என்று கருதுவது கடினம். எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றிருந்த மெக்லாஃப்லின், தம் கிதாரின் விரற்பலகையில் மெட்டுகளுக்கிடையே பள்ளம் குடையச் செய்து, தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் வாங்க வகைசெய்துகொண்டதோடு, குறுக்காகச் செல்லும் ஏழு சுருதித் தந்திகளையும் அதில் பொருத்தச் செய்தார். சுருதி விலகக்கூடாது என்பதை அந்தக் கிதாரின் உடலே சொல்கிறது. ஜாஸ் உலகுக்குள்ளேயே, 1961 நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் பதிவுசெய்த ‘இந்தியா’வில் இரண்டு பாஸ் கலைஞர்கள் சேர்ந்து ஒரே சுரத்தைச் சுற்றி நின்று இசைப்பதும் இதே திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடியாகும். பாஸ் அங்கே நடப்பதை விட்டுத் தம்புராவாக மாறுகிறது.

நாகசுரக் குடும்பத்தில் பிறந்து, சாக்சபோனின் அமைப்பில் கமகத்துக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்துகொண்ட கத்ரி கோபால்நாத், 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு மேடையேறியவர். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் இசைத்த ‘கின்ஸ்மென்’ (2008) பாஸ் உள்ள குழுவின் பதிவு. மேலே சொன்ன வாதத்தை இது பொய்யாக்குவதாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பதிவில் கிதாருக்கும் பாஸுக்கும்கூடத் தனித்தனி ஆலாபனைகள் தரப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆலாபனை செய்யும் பாஸ், அடித்தளத்தை நகர்த்தும் வேலையை நிறுத்திவிட்டு, ராகத்தைச் சுமக்கும் வேலையை ஏற்கிறது. கடமை மாறினால் வாத்தியம் தடையாவதில்லை.

பதிவில் கேட்கும் இசையை எந்நேரமும் கேட்கலாமாகையால் பொழுது பற்றிய பேச்சே பழைமை என்று ஒதுக்குவோருக்கு இங்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. கேட்கும் நேரம் எதுவானாலும், தர்பாரியின் காந்தாரம் அசையும் வேகம் அதுவே.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொழுதுக்கேற்ற ராகம் இன்றும் ஓரளவு நடைமுறையில் இருப்பது கச்சேரி மேடையில் அன்று, கோயில் நாகசுரத்தில்தான். விடியலில் பூபாளமும் பள்ளியறையில் நீலாம்பரியும் வாசிக்கும் அந்த மரபில், இரவுப் புறப்பாட்டின்போது ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் ஆலாபனை, கற்பனையின் அளவிலும் துணிவிலும் எந்த ஜாஸ் மேடைக்கும் குறைந்ததன்று. அங்கே அருகில் நின்று ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாகசுரக்காரர் எவ்வளவு தூரம் சென்றாலும் திரும்புவதற்கு அந்தச் சுரம் இருக்கிறது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ சாக்சபோனைக் கையில் வைத்திருந்தும் நாகசுரம் கற்று, அதைத் தம் குழுக்களில் இசைத்ததற்கு, அந்த வாத்தியத்தின் குரலோடு இந்த இரவு ஆலாபனையும் காரணமாக இருந்திருக்கக்கூடும். இந்துஸ்தானி இரவு ராகங்களை ஜாஸோடு இணைக்க விழையும் தமிழ்க் கலைஞர் வடக்கே செல்லுமுன் கேட்க வேண்டியது ஒத்து பிடிப்பவரின் இந்த வேலையைத்தான். பல இடங்களில் ஒத்துக்காரரின் இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது என்பதால், அதைக் கேட்க வாய்ப்பும் சுருங்கிவருகிறது.

புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் இசையும் நடனமும் நுண்கலையும் பயிற்றும் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கோயில்களின் திருவிழா இரவுகள் அதற்கு எட்டும் தொலைவில்தான். அந்தப் புறப்பாடுகளில் எந்த ராகம், எந்தச் சாமத்தில், எவ்வளவு நேரம் வாசிக்கப்படுகிறது என்பதை ஒலிப்பதிவோடு குறித்துவைக்கும் பணியை இசை மாணவர்கள் இந்தத் தலைமுறையிலேயே மேற்கொள்ள வேண்டும். வாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.