எஃகு ஆலையை விட்டு லாரி பழகப் போனவர்கள்

1977-ஆம் வருடம் செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊர். மஹோனிங் ஆற்றங்கரை நெடுகிலும் எஃகு ஆலைகள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே கேட்டில் கார்டு பஞ்ச் பண்ணி உள்ளே போன குடும்பங்கள் அங்கே சாதாரணம். அன்றைக்கு யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன்னுடைய கேம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் இந்த நாளுக்குப் பெயரே 'கறுப்புத் திங்கள்'.

ஆலை ஏன் மூடப்பட்டது என்பது தனிக் கதை. 1969-ல் அதை வாங்கிய நியூ ஆர்லியன்ஸ் கப்பல் கம்பெனி புது உலைகளில் பணம் போடவில்லை, பழைய உலைகளால் ஜப்பான் எஃகோடு போட்டி போட முடியவில்லை. ஊர் மக்களும் சர்ச்சுகளும் சேர்ந்து ஆலையைத் தாங்களே வாங்கி நடத்தப் பார்த்தார்கள். அதற்குக் கடன் உத்தரவாதம் தர 1979-ல் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. அத்தோடு அந்த முயற்சி முடிந்தது. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின.

சரி, வேலை போனவர் என்ன செய்வார்? பென்ஷனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டோடு உட்கார்ந்தார்கள். இளசுகள் டெக்சாஸ் பக்கம் கிளம்பினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது 35, 40 வயதுக்காரர்கள். வீட்டுக் கடன் பாக்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கையில் இருப்பது உலைக்கு முன்னால் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு தொழில். இப்படிப்பட்டவர்களுக்கு அப்போதிலிருந்து இன்று வரை அமெரிக்காவில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் வழி ஒன்று உண்டு. லாரி ஓட்டக் கற்றுக்கொள்.

அந்த யோசனையைச் சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1977-ல் பார்த்தால் அது நல்ல யோசனைதான். அன்றைய லாரி டிரைவர் எஃகுத் தொழிலாளிக்குச் சமமாகச் சம்பாதித்தவர், அதே தெருவில் வீடு வாங்கியவர். காரணம் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கம். அதன் தலைவர் ஜிம்மி ஹோஃபா 1964 ஜனவரியில் நாடு முழுவதற்கும் ஒரே சரக்கு ஒப்பந்தத்தைப் போட்டு முடித்தார். அதற்குள் வந்த டிரைவர்கள் சுமார் 4 லட்சம் பேர். கிழக்குக் கரையோ மேற்குக் கரையோ, சம்பளமும் பென்ஷனும் ஒரே தாளில். (ஹோஃபா சிறைக்குப் போனதும், 1975 ஜூலை 30-ஆம் தேதி டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு ஓட்டல் வாசலிலிருந்து காணாமல் போனதும், உடல் இன்று வரை கிடைக்காததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர் போட்ட ஒப்பந்தம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.)

சங்கம் மட்டும் காரணமில்லை, சட்டமும் துணை நின்றது. 1935-லிருந்து மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்ற வேண்டுமானால் ஐ.சி.சி. என்ற மத்திய ஆணையத்தின் உரிமம் வேண்டும். எந்தத் தடம், எந்தச் சரக்கு என்பது வரை உரிமத்தில் எழுதியிருக்கும். வாடகையைக் கம்பெனிகள் கூடிப் பேசி நிர்ணயிக்கலாம், அதற்குச் சட்டமே அனுமதி கொடுத்திருந்தது. புதிதாக ஒருவர் உள்ளே நுழைவது கஷ்டம். ஆகவே உள்ளே இருந்தவர்களுக்கு லாபம் உறுதி. அந்த லாபத்தில் ஒரு பங்கைச் சங்கம் டிரைவருக்கு வாங்கிக் கொடுத்தது. பொருளாதாரம் படிப்பவர்கள் இதை நுழைவுத் தடை என்பார்கள். நுகர்வோர் தலையில்தான் செலவு விழுந்தது என்பதும் உண்மை.

இந்த ஏற்பாட்டுக்கு 1980 ஜூலை 1 அன்று முடிவு வந்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம். செனட்டர் எட்வர்டு கென்னடி முன்நின்று வாதாடிய மோட்டார் கேரியர் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். உரிமம் வாங்குவது சுலபமாயிற்று. 1990-க்குள் உரிமம் பெற்ற லாரிக் கம்பெனிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கையும் தாண்டி 40,000-க்கு மேல் போயிற்று. வாடகை இறங்கியது. சரக்கு அனுப்புபவருக்குக் கொண்டாட்டம். கிடங்கில் ஸ்டாக் வைக்காமல், வேண்டிய அன்று வேண்டிய சரக்கு என்று தொழிற்சாலைகள் மாறியதற்கு இந்த மலிவு வாடகை ஒரு முக்கியக் காரணம்.

காமர்ஸ் மாணவர்களுக்கென்றே இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய உரிமங்களுக்குச் சந்தையில் விலை இருந்தது. கம்பெனிகள் அவற்றை விலை கொடுத்து வாங்கி, பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டி வைத்திருந்தன. சட்டம் வந்ததும் அந்தக் காகிதங்கள் மதிப்பிழந்தன. அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் 1980 டிசம்பரிலேயே, தன் 44-ஆவது தர அறிக்கையில், அவற்றை மொத்தமாகத் தள்ளுபடி செய்யச் சொல்லிவிட்டது. கம்பெனியின் நஷ்டம் இப்படி ஒரே வருடத்தில் கணக்கில் ஏறி முடிந்தது. அதே உரிமத்தின் நிழலில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த டிரைவருக்கும் அன்று ஒரு சொத்து போனது. அதைத் தள்ளுபடி செய்ய அவரிடம் எந்தப் பேரேடும் இல்லை.

ஆக, எஃகு ஆலையிலிருந்து வந்தவர் லாரியில் ஏறிய நேரத்தில், அவர் மனதில் வைத்திருந்த லாரி வேலை கரைய ஆரம்பித்திருந்தது. 1977-ல் வெளியான 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' படத்து டிரைவர் சாலையின் ராஜா. 1980-களின் கடைசியில் நிஜ டிரைவரின் தலைக்கு மேல் சாட்டிலைட் வந்துவிட்டது. இன்று செல்போன் சிப்புக்குப் பெயர்போன குவால்காம் ஆரம்ப நாளில் சம்பாதித்தது இதில்தான். லாரி எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்குச் சொல்லும் ஆம்னிடிராக்ஸ் கருவியை 1988-ல் ஷ்னைடர் என்ற பெரிய லாரிக் கம்பெனிக்கு விற்றார்கள். ஃபோர்மேன் தொல்லை இல்லை என்று லாரிக்கு வந்தவருக்கு ஃபோர்மேன் ஆகாயத்திலிருந்து வந்தார்.

பயிற்சிப் பள்ளிகள் புற்றீசலாய் முளைத்ததும் இந்தக் கட்டத்தில்தான். அதுவரை பல மாநிலங்களில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே பெரிய லாரியும் ஓட்டலாம் என்ற நிலை. 1986-ல் வந்த சட்டம் கனரக வாகனத்துக்குத் தனி லைசென்ஸ் என்றது, 1992 ஏப்ரல் முதல் அது கட்டாயமானது. அண்ணனோ மாமாவோ பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது போய், பணம் கட்டிப் படிக்கும் படிப்பாயிற்று. சில வாரங்கள் போதும். செவிலியர் படிப்புக்கு இரண்டு வருடம் வேண்டும், வேலையில்லாதோர் உதவித்தொகை அதுவரை தாங்காது. லாரிக்கு டிகிரி வேண்டாம், வயதும் தடையில்லை.

தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தவருக்கு அந்தச் சில வாரங்கள் லேசானவை அல்ல. முதலில் வண்டியைச் சுற்றிவந்து சோதிப்பது: டயர், விளக்கு, பிரேக், டிரெய்லரைக் கோர்க்கும் கொண்டி என்று ஒவ்வொன்றையும் தொட்டு, பெயர் சொல்லி, வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். அடுத்தது காற்று பிரேக். காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை எப்போது ஒலிக்கும், ஸ்பிரிங் எப்போது சக்கரத்தைத் தானாகப் பிடிக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எல்லோரையும் அழவைப்பது ரிவர்ஸ். டிரெய்லரின் பின்பக்கம் வலதுபுறம் போக வேண்டுமானால் ஸ்டீரிங்கை இடதுபுறம் திருப்ப வேண்டும். கார் ஓட்டிப் பழகிய கை கேட்காது. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் வண்டியும் டிரெய்லரும் பேனாக்கத்தி போல மடங்கிக்கொள்ளும். சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36 டன் வரை எடை. மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை இடித்துத் தள்ளியவர் ஒரு மாதம் கழித்து அதோடு மலையிறக்கத்தில் போக வேண்டும்.

இரண்டாவது பெரிய அலை 2000-த்துக்குப் பிறகு வந்தது. அமெரிக்காவில் 1979-ல் ஒன்றே முக்கால் கோடிக்கும் மேலே, ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம் பேர் உற்பத்தித் துறையில் இருந்தார்கள். 2010 தொடக்கத்தில் மிஞ்சியது சுமார் 1 கோடியே 15 லட்சம். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது ஒரு காரணம், மெக்சிகோவுக்கு நகர்ந்த ஆலைகள் இன்னொன்று. இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்கில் மேடேக் ஃபிரிட்ஜ் தொழிற்சாலை 2004-ல் மூடி, வேலை மெக்சிகோவின் ரேனோசாவுக்குப் போனது. அந்த வருடம் பராக் ஒபாமா தன் முதல் பெரிய மாநாட்டுப் பேச்சில் இந்தத் தொழிலாளர்களைத்தான் குறிப்பிட்டார்.

இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அரசே மறுபயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. கென்னடி காலத்தில் 1962-ல் தொடங்கி, 1974-ல் தாராளமாக்கப்பட்ட 'வர்த்தகச் சரிக்கட்டு உதவி'. லாரி லைசென்ஸ் பயிற்சிக்கும் அதில் பணம் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்வதா தெரியவில்லை: தன் வேலையைக் கொண்டுபோன அதே பண்டங்களைத் துறைமுகத்திலிருந்தும் எல்லையிலிருந்தும் உள்நாட்டுக்கு இழுத்து வரும் வேலைக்குத்தான் அவர் பயிற்சி பெற்றார்.

அரசுப் பணம் கிடைக்காதவர்களுக்கு லாரிக் கம்பெனிகளே பள்ளி நடத்தின. ஃபீஸ் இப்போது கட்ட வேண்டாம், லைசென்ஸ் வாங்கி எங்களிடமே ஒரு வருடம் ஓட்டு, நடுவில் போனால் ஃபீஸ் பாக்கி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் ஏன் வருடம் பூராவும் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்? பெரிய கம்பெனிகளில் டிரைவர் மாறும் விகிதம் 2000-களின் நடுவில் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டியது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. பழைய ஆட்கள் இருப்பார்கள். புது ஆளின் இருக்கைதான் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தடவை காலியாகும்.

ஏன் போனார்கள்? வீட்டை விட்டு இரண்டு மூன்று வாரம் தள்ளியிருப்பது ஒன்று. ஷிஃப்ட் முடிந்தால் வீடு என்று இருந்த மனிதருக்கு அது பெரிய அடி. மற்றது கூலிக் கணக்கு. தொழிற்சாலையில் மணிக்கு இவ்வளவு. வாரம் 40 மணி தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், 1938 சட்டப்படி. அதே சட்டம் மாநிலம் தாண்டும் லாரி டிரைவருக்கு ஓவர்டைமிலிருந்து விலக்கு வைத்தது. பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. ஒரு உதாரணத்துக்கு மைலுக்கு 30 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மணி நேரத்தில் 500 மைல் ஓடினால் 150 டாலர். நல்ல காசு மாதிரி தெரியும். ஆனால் கிடங்கு வாசலில் சரக்கு ஏற்ற 4 மணி நேரம் காத்திருந்தது, வண்டியைச் சோதித்தது 1 மணி நேரம், இதற்கெல்லாம் மைல் கிடையாது. 14 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 11 டாலருக்கும் கீழே. கிடங்குக்காரர் தாமதம் செய்தால் அவருக்குச் செலவில்லை, லாரிக் கம்பெனிக்கும் அதிகம் இல்லை. முழுச் செலவும் டிரைவரின் நாளிலிருந்து போகிறது. தான் டிரைவராக இருந்து பேராசிரியரான மைக்கேல் பெல்சர் 2000-த்தில் எழுதிய புத்தகத்துக்கு 'சக்கரங்களின் மேல் வியர்வைக்கூடங்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தது சும்மா இல்லை.

பயிற்சிக் காலத்தின் கூலி உச்ச நீதிமன்றம் போன வழக்கு ஒன்றிலும் வந்தது. டொமினிக் ஒலிவேரா என்ற டிரைவர் நியூ பிரைம் கம்பெனி மீது போட்ட வழக்கு. பயிற்சியாளராக முதல் 10,000 மைலுக்குச் சம்பளமே இல்லை, அதற்கடுத்த 30,000 மைலுக்கு மைலுக்கு 14 சென்ட், அப்புறம் 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்' என்று லாரி வாடகைக்கு வேறு பிடித்தம் என்பது அவர் புகார். இப்படிப்பட்டவர் நீதிமன்றத்துக்கே வர முடியுமா, தனியார் மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டுமா என்பது கேள்வி. 2019 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாக டிரைவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த வருடம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பெறப்போனவர்கள் பல்லாயிரம் டிரைவர்கள் என்பதால் ஆளுக்குக் கிடைத்தது பெரிய தொகை இல்லை.

ஹோஃபா ஒப்பந்தத்தின் வாரிசுகளாக மிஞ்சியிருந்த கம்பெனிகளில் பெரியது யெல்லோ. 1924-ல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தபோது 30,000 பேர் வேலை இழந்தார்கள், அதில் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ்.

யங்ஸ்டவுனிலிருந்து சில மைல் தள்ளி லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இருந்தது. எஃகு போன பிறகு அந்தப் பள்ளத்தாக்குக்குச் சோறு போட்டதில் அதற்குப் பெரும் பங்கு. 2019 மார்ச் 6 அன்று கடைசி ஷெவர்லே குரூஸ் கார் அங்கிருந்து வெளியே வந்தது. கம்பெனியின் வேறு ஊர் ஆலைகளுக்கு மாறச் சம்மதித்தவர்கள் மாறினார்கள். ஊரை விட முடியாதவர்களுக்கு அதே பழைய மறுபயிற்சி உதவி கிடைத்தது. 2022 ஜூலை 1 முதல் அந்தத் திட்டத்தில் புது மனுக்களுக்கு அனுமதி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆலை மூடி லாரிக்குப் போகிறவருக்கு அந்த உதவி இல்லை; கைக்காசைப் போடுவதும் கம்பெனி நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் மிஞ்சிய வழிகளில் இரண்டு.