பெட்டிக்குள் பெட்டி

போன மாதம் பேரன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுக்குள்ள இப்ப நாலு ரூட்டர் ஓடுது" என்றான்.

"எங்கடே இருக்கு?" என்றேன். எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவனுக்குக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது.

ரூட்டரின் வேலை வழி சொல்வது. அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் போட்டவர்களுக்கு ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் எல்லாம் நினைவிருக்கும். எந்த ஊருக்கு எந்த வழியாக லைன் கேட்க வேண்டும் என்பது ஆபரேட்டரின் மனப்பாடம். உள்ளூர் அழைப்புகளுக்கு அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர், அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரௌஜர். 1891-ல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் கொண்ட எக்ஸ்சேஞ்சுகளின் கடகடச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு 1984-ல் தொடங்கிய சி-டாட், ஏ.சி. இல்லாமலே ஓடும் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தது. வழி சொல்லும் வேலை மென்பொருளுக்குப் போனது.

இணையத்திலும் இதே கதைதான். 1969-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் 'ரூட்டர்' ஒரு ஃபிரிட்ஜ் அளவு. 1996-ல் லாட்வியாவில் தொடங்கிய மைக்ரோடிக் நிறுவனம், சாதாரணக் கம்ப்யூட்டரையே ரூட்டராக்கும் 'ரூட்டர் ஓஎஸ்' என்ற இயங்குதளத்தைச் செய்தது.

அதைத்தான் பேரன் கன்டெய்னருக்குள் வைத்திருந்தான். கன்டெய்னர் என்றால்? மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய் பிரிகிறது. கரை வேறு, வயல் வேறு, ஆறு ஒன்றுதான். அப்படி ஒரே கம்ப்யூட்டரில் நிரல்களைத் தனித்தனிக் கரை கட்டிப் பிரித்து வைப்பது. யூனிக்ஸில் 1979-லேயே இதற்கு விதை போட்டாயிற்று; 2013-ல் டாக்கர் வந்த பிறகு எல்லோர் கைக்கும் வந்தது. கரைகள் வேறானாலும், அடியில் ஓடும் கெர்னல் எல்லாவற்றுக்கும் பொது.

இங்கேதான் சிக்கல். ரூட்டர் ஓஎஸ் தன் கெர்னலைத் தானே கொண்டுவரும். கால்வாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது. சொந்தக் கிணறு வேண்டும். அதனால் கன்டெய்னருக்குள் கியூஎமு என்ற நிரலை ஓட்டுகிறார்கள். அது ஒரு பாவனைக் கம்ப்யூட்டரை உண்டாக்க, அதற்குள் ரூட்டர் கண் விழிக்கிறது.

"இவ்வளவு சுற்றி வளைத்தால் வேகம் குறையாதா?"

"குறையும் தாத்தா. ஆபீஸ் ரூட்டருக்குப் பதிலா இதை வைக்க மாட்டோம். கெடுத்துப் பாக்கத்தான் இது."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலையில் சேர்ந்த புதிதில், எம்.டி.எஃப்.பில் ஒரு ஜம்பர் ஒயரை மாற்றச் சொன்னார்கள். தப்பான ஜோடியை உருவிவிட்டேன். அது ஒரு ஆஸ்பத்திரியின் லைன். கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டார்களோ, எதற்குக் கூப்பிட்டார்களோ! நாங்கள் தொழில் பழகியதெல்லாம் ஊராரின் உயிருள்ள லைனில்தான்.

பேரன் என் கண்ணெதிரே வழிப்பட்டியலில் ஒரு வரியை அழித்தான். ரூட்டர்கள் நான்கும் ஒன்றையொன்று காணாமல் தவித்தன. கன்டெய்னரை அழித்துவிட்டு மறுபடி எழுப்பினான்.

"நீங்க ஒரு தடவ கெடுத்துப் பாருங்க தாத்தா" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். கை நடுங்கத்தான் செய்தது.