பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர்: தியோடோர் கோச்சரும் அவர் திரும்ப அழைத்த நோயாளிகளும்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1841இல் பிறந்து, அங்கேயே படித்து, 1917இல் அங்கேயே மறைந்தவர் எமில் தியோடோர் கோச்சர். 1872இல், 31 வயது நிரம்புவதற்குள், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். பல்கலைக்கழகத்தார் வெளியூர்க்காரர் ஒருவரைப் பரிந்துரைத்தபோது, மாணவர்களும் ஊர் மக்களும் கோச்சரே வேண்டும் என்று நின்றதால் வாய்த்த பதவி அது. அதில் 45 ஆண்டுகள் இருந்தார். 1880இல் பிராக் பல்கலைக்கழகம் அழைத்தது, போகவில்லை. அன்று மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைத் தொடாத ஊரிலேயே ஒரு மருத்துவர் வேரூன்றி நின்றதற்கும் தைராய்டு சுரப்பியின் வேலை உலகுக்குத் தெரியவந்ததற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆல்ப்ஸ் மலைப்பகுதி மண்ணிலும் நீரிலும் அயோடின் மிகக் குறைவு. அதனால் தைராய்டு சுரப்பி வீங்கும் கழுத்துக் கழலை அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. சிலருக்குக் கழலை மூச்சுக்குழாயையே நெரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். அறுத்தெடுக்கலாம் என்றால் குருதிப்போக்கும் சீழும் உயிரைக் குடித்தன. சூரிச்சில் பணியாற்றிய காலத்தில் அறுவை மருத்துவர் தியோடோர் பில்ரோத் செய்த முதல் 20 அறுவைகளில் 8 பேர் இறந்தனர். அவ்வளவு கைதேர்ந்தவருக்கே அந்த நிலை.

கோச்சர், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநீக்க முறையைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டார். வேகத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குருதிக் குழாயையும் பிடித்துக் கட்டிய பிறகே வெட்டினார். 1883 வரை அவர் செய்த 101 கழலை அறுவைகளில் இறப்பு நூற்றுக்கு 13 அளவில் இருந்தது. பின்னர் அது தொடர்ந்து குறைந்தது. கழலை மீண்டும் வளராதிருக்க, சிலருக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார். சுரப்பிக்கு என்ன வேலை என்று அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

1874 ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இவ்வாறு முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டது. துறுதுறுப்பாக இருந்த பெண் அதன்பின் மந்தமாகிவிட்டாள் என்று ஆகஸ்ட் ஃபெட்செரின் என்ற மருத்துவர் தெரிவித்தார். அந்தச் செய்தி உரிய கவனம் பெறாமலே பல ஆண்டுகள் கழிந்தன. 1882 செப்டம்பரில் ஜெனீவாவில் கோச்சரைச் சந்தித்த அவ்வூர் அறுவை மருத்துவர் ஜாக்-லூயி ரெவெர்டின், தம்மிடம் முழு அறுவை செய்துகொண்டவர்களிடமும் இத்தகைய தளர்ச்சியைக் கண்டதாகச் சொன்னார். யார் முதலில் கண்டது என்ற பூசல் பின்னர் எழுந்தது. முந்திச் சொன்னவர் ரெவெர்டின்தான் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அதற்குப் பின் கோச்சர் செய்த காரியம் அறுவை மருத்துவ வரலாற்றில் அரிது. தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப வருமாறு அழைத்தார். சுரப்பி முழுதும் இழந்த 34 பேரில் 18 பேரை நேரில் பார்க்க முடிந்தது. 16 பேர் சீர்குலைந்திருந்தனர்: ஊதிய முகம், தடித்த தோல், தள்ளாடும் நடை, இழுத்து இழுத்துப் பேச்சு, மங்கிய அறிவு. நலமாக இருந்த இருவருக்கும் கழலை திரும்ப வளர்ந்திருந்தது; அதாவது அவர்கள் உடலில் சுரப்பியின் மிச்சம் இருந்தது. முன்பு தன் தங்கையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்த அந்தச் சிறுமி, இப்போது தங்கையைவிட வெகுவாகக் குட்டையாக, வளர்ச்சி நின்றுபோய் வந்தாள்.

1883 ஏப்ரலில் பெர்லினில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் கோச்சர் இவை அனைத்தையும் எடுத்துவைத்தார். வெற்றி என்று எண்ணப்பட்ட தம் அறுவை இத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்று சக மருத்துவர்கள் முன் சொன்ன அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். சாதாரணக் கழலைக்கு முழு அகற்றலை அவர் அன்றோடு கைவிட்டார். மூச்சுக்குழாய் பாதிக்கப்பட்டு உடலுக்குக் காற்று குறைந்ததே காரணம் என்று அவர் தந்த விளக்கம் மட்டும் தவறு. அதே ஆண்டு ஜூலையில் நோயாளி ஒருவருக்குத் தைராய்டுத் திசுவைப் பொருத்திப் பார்த்தார், பலன் நிலைக்கவில்லை. லண்டனில் மருத்துவர் ஃபீலிக்ஸ் செமன், மிக்ஸிடீமா (பெரியவர்களுக்கு வரும் தோல் வீக்கமும் தளர்ச்சியும்), கிரெட்டினிசம் (குழந்தைப் பருவத்திலேயே உடலும் அறிவும் வளராமை), கோச்சர் கண்ட சீர்குலைவு ஆகிய மூன்றுக்கும் தைராய்டு இழப்பே பொதுக் காரணம் என்றார். 1888இல் ஆய்வுக்குழு ஒன்று அதை உறுதிசெய்தது. 1891இல் ஆங்கிலேய மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தி நோயைத் தணித்தார். இன்று சுரப்பியை இழந்தவர்கள் காலையில் விழுங்கும் மாத்திரையின் வழித்தடம் இதுவே.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் பின்னாளில் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். பில்ரோத்தின் நோயாளிகளுக்குத் தசை இறுக்கமான டெட்டனி வந்தது; கோச்சரின் நோயாளிகளுக்கு மிக்ஸிடீமா வந்தது. பில்ரோத் விரைந்து வெட்டியதில் அருகிலிருந்த பாராதைராய்டு சுரப்பிகள் போயின. தைராய்டின் துணுக்குகள் தங்கின. கோச்சரோ பாராதைராய்டைக் காப்பாற்றி, தைராய்டைத் துப்புரவாக எடுத்தார். அவர் கையின் சுத்தமே அந்தக் கேட்டைத் தெளிவாகக் காட்டியது.

நோயாளிகள் பல நாடுகளிலிருந்து வந்து கலையும் பெருநகர மருத்துவமனையில் ஒன்பது ஆண்டு கழித்து ஒரு சிறுமியைத் தேடிப்பிடிப்பது கடினம். பெர்னில் நோயாளிகள் பலர் அக்கம்பக்கக் கிராமத்தவர். அவர்களை அறிந்த ஊர் மருத்துவர் இருந்தார். அறுத்த மருத்துவரும் அதே இடத்தில் இருந்தார். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் 18 பேரைப் பார்க்க முடிந்தது என்று கொள்ள இடமிருக்கிறது.

பிற்காலப் புகழைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1892இல் வெளிவந்த அறுவை முறை நூல் பல பதிப்புகள் கண்டது. வாழ்நாளில் ஏறத்தாழ 5,000 தைராய்டு அறுவைகள்; இறுதிக் காலத்தில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. நோபல் பரிசு 1909இல் வந்தது. அதைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவர். நம்மூர் அறுவை அரங்குகளிலும் பல்வைத்த இடுக்கி ஒன்றை இன்றும் 'கோச்சர்' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு செய்தியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அயோடினைக் கழலைக்குக் கொடுக்கலாம் என்று ஜெனீவா மருத்துவர் குவாந்தே 1820லேயே சொல்லியிருந்தார். அளவு மிஞ்சினால் தைராய்டு வெறிகொண்டு சுரக்கும் என்று கோச்சர் எச்சரித்தார். எச்சரிக்கை மெய்யானது. ஆயினும் அவர் சொல்லுக்கு இருந்த எடை, மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கும் துணிவையும் தளர்த்தியது. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1922இல், அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலத்தில் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது. அதற்காக மக்களிடம் பேசி ஆதரவு திரட்டியவர் ஹெரிசாவ் என்ற சிற்றூர் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹான்ஸ் எக்கன்பெர்கர். அடுத்த தலைமுறைக் குழந்தைகளில் கழலை அறுவையே தேவைப்படாத அளவுக்கு அருகியது.