மெரினாவின் கோடை மாலைகள்

சென்னையின் கோடையை ஓரளவாவது தாங்க முடிவதற்குக் காரணம் கடற்காற்று. பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையேறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் பிற்பகலுக்குள் அது வந்துவிடும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் மட்டும் தாமதிக்கும். அன்றைக்கு நகரம் வெந்து போகும். 2003 மே மாத இறுதியில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இப்படிப்பட்ட ஊரில், வெயில் தாழ்ந்ததும் வயதானவர்கள் கிழக்குப் பக்கம் நடக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அந்த வழக்கத்துக்கு வயது 140 ஆண்டுகள்தான் ஆகிறது.

அதற்கு முன்பும் கடல் இருந்தது, முதியவர்களும் இருந்தார்கள். ஆனால் கடலுக்குப் போனது உலாவுவதற்காக அல்ல; தீர்த்தமாடவும் நீத்தார் கடன் கழிக்கவும்தான். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் அவ்வூரின் திருவிழாக்களை அடுக்கிச் சொல்கிறது. மாசிக் கடலாட்டும் பங்குனி உத்திரமும் அவற்றில் உண்டு. முதுமையில் வீட்டை விட்டு வெளியே வருவதற்கு அன்றைக்குக் கோயிலே காரணம். கோடை தொடங்கும் பங்குனியில் கபாலீசுவரர் கோயிலின் பெருவிழா வரும். எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா. சித்திரையில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பிரம்மோற்சவம். மாட வீதிகளில் பந்தல் போட்டு, பெருங்காயமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர், வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்த பானகம், பனையோலை விசிறி என்று வெயிலில் வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். பந்தலின் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும். சாமி எந்தத் தெரு முனையில் நெடுநேரம் நிற்கும், எந்தத் திண்ணையில் இடம் பிடித்தால் நெரிசலில் சிக்காமல் சேவிக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். திருவிழாவில் முதியவர் வேடிக்கை பார்க்க வந்தவர் மட்டுமல்ல, விழாவை நடத்துபவர்களில் ஒருவர். கடற்கரை இந்த இடத்தை அவருக்கு ஒருபோதும் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று பார்க்கும் அகன்ற மணல்வெளி இயற்கை தந்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அலை சாலைக்கு அருகில் வரை வந்துகொண்டிருந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம்தான் இதை மாற்றியது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் குறுக்கே வந்ததும், தெற்கே மணல் தேங்கிக் குவிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. தென்சென்னையின் மாலை நேர இன்பத்துக்கு வடசென்னை கொடுத்த விலை அது. மெரினாவின் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், புதிதாகச் சேர்ந்த இந்தக் கரையை ஒட்டி உலாவும் பாதை அமைத்தார். சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக 1884இல் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். பாதை யாருக்காக என்பதில் ஐயமில்லை. கோச்சு வண்டிகளில் வந்த அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பங்களும் காற்று வாங்கவே அது போடப்பட்டது. எதிரே மாநிலக் கல்லூரியும் செனட் மண்டபமும் ஏற்கெனவே எழும்பியிருந்தன. மாலையில் பாண்டு வாசிக்கும் வழக்கமும் இருந்தது. 1909இல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் அதை மூடினார்கள்.

துரைமார்களின் பாதை திருவல்லிக்கேணிக்காரர்களின் பாதையாக மாறியதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. வீட்டு நெருக்கமே போதுமானதாக இருந்தது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் அரசு அலுவலக எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் ஒண்டுக் குடித்தனத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வசிக்கும் ஸ்டோர் வீடுகளில் சித்திரை மாதப் பிற்பகலைக் கழிப்பது எளிதல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு வேலைக்கு ஓய்வு வயது 55. மாதா மாதம் பென்ஷன் வரும், போக அலுவலகம் இருக்காது, வீட்டில் காற்றும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் நாலரை மணிக்குக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது வெயிலுக்கு நிழல், திரும்பும்போது ஊன்றுகோல் என்று குடை இரண்டு வேலையும் செய்தது. காசு கொடுக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை. நகரத்தில் வயதானவர்களுக்கு இப்படி ஓர் இடம் வேறு இருந்ததாகச் சொல்ல முடியாது. பூங்காக்களுக்கும் மூடும் நேரம் உண்டு.

காற்றுக்கு அடுத்தபடியாக அவர்களை இழுத்தது பேச்சு. 1907 மே மாதம் வங்கத்திலிருந்து வந்த விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மாலைதோறும் சுதேசியம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் பாரதியார் முக்கியமானவர். ஒலிபெருக்கி இல்லாத காலம். இருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். கூட்டங்கள் நடந்த பகுதி பின்னர் திலகர் கட்டம் என்று அழைக்கப்பட்டது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தியதும் சென்னைக் கடற்கரையில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலுமாக இரண்டு கூட்டங்கள். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் இதே கரையில் தடியடி வாங்கியது. கூட்டங்கள் பல கோடையில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மே மாத மாலையில் அத்தனை பேரை உட்காரவைக்கக்கூடிய மண்டபம் அன்றைய சென்னையில் இல்லை. மேடையில் பேசியவர்கள் பெயர் வரலாற்றில் பதிந்திருக்கிறது. நாள் தவறாமல் வந்து, கேட்டதை மறுநாள் தெருவில் திருப்பிச் சொன்ன ஓய்வுபெற்றவர்களின் பங்கு எங்கும் பதிவாகவில்லை.

பேச்சு இல்லாத நாட்களுக்குப் பாட்டு வந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் தொடங்கிய வானொலிச் சங்கம் பண முடையால் நின்றுபோனபோது, அதன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே மாலை நேரங்களில் ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் சொற்பம் என்பதால், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். சபாவுக்குச் சீட்டு வாங்க முடியாத ஒருவர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கர்நாடக இசையைக் கேட்க முடிந்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் இந்தச் சேவை முடிவுக்கு வந்தது. எட்டே ஆண்டுகள்தான், ஆனாலும் ஒரு நகராட்சி தன் மக்களின் மாலைப் பொழுதைப் பற்றி இவ்வளவு நேராக அக்கறைப்பட்ட காலம் அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

இந்த வரலாற்றில் நெடுங்காலம் பாட்டிகளைக் காணோம். கடற்கரை உலா ஆண்களின் வழக்கமாகவே வளர்ந்தது. வயதான பெண்கள், குறிப்பாகக் கணவனை இழந்தவர்கள், மாலையில் கோயிலுக்கும் கதாகாலட்சேபத்துக்கும் போனார்கள். கடலுக்குப் போனால் அது தீர்த்தமாடத்தான். பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக அவர்கள் மெரினாவுக்கு வரத் தொடங்கியது விடுதலைக்குப் பிறகு, பேருந்து வசதி பெருகியபோது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரைச் சாலையில் வைக்கப்பட்ட சிலைகளில் ஔவையாரும் ஒருவர். மெரினாவில் நிரந்தரமாக இடம் பிடித்த முதல் மூதாட்டி என்று அவரைச் சொல்லலாம்.

1959இல் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் வந்த பிறகு, சந்திக்கும் இடத்துக்கு அடையாளம் கிடைத்தது. காந்தி சிலைப் பக்கம், உழைப்பாளர் சிலைப் பக்கம், கலங்கரை விளக்கம் பக்கம் என்று நண்பர் குழுக்கள் தங்களுக்குள் இடத்தைப் பிரித்துக்கொண்டன. கூடவே சுண்டல். ஊறவைத்து வேகவைத்த பட்டாணி, கடுகு தாளிதம், தேங்காய்ப் பல், பொடியாக அரிந்த மாங்காய். அதைத் தூக்கில் வைத்துக்கொண்டு சிறுவர்கள் மணல் முழுக்கக் கூவி விற்றார்கள். மாங்காய் காய்க்கும் கோடையில்தான் அந்தச் சுண்டலுக்கு முழு ருசி. பல் இல்லாதவர்கள் மாங்காயை மட்டும் ஒதுக்கிவிட்டு, காகிதக் கூம்பில் ஒட்டியிருக்கும் உப்பு காரம் வரை விடாமல் சாப்பிடுவார்கள். மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாடு மெரினாவில் எப்போதும் செல்லுபடியானதில்லை.

இடம் பொதுவானது என்றாலும் அதில் வாழ்ந்தவர்களின் உரிமை எப்போதும் மதிக்கப்படவில்லை. நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்தியாக்குப்பம் மீனவர்களுக்கு அந்த மணல் தொழிற்களம். 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, இறந்தவர்களில் மீனவக் குடும்பத்தினரும் இருந்தார்கள், காலை நடைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக மூடப்பட்ட கடற்கரை டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. ஒரு முழுக் கோடையும் முதியவர்கள் மொட்டைமாடியோடு நின்றார்கள்.

வந்து சேரும் வழி மட்டும் படிப்படியாக எளிதாகியிருக்கிறது. 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலாப்பூர் வரையிலும் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் கடற்கரைக்கு அருகிலேயே நிற்கிறது. 2016 முதல் 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயணங்களுக்கான டோக்கன் தரப்படுகிறது. மாதத்துக்கு 10 என்பது போகவர ஐந்து மாலைகளுக்குத்தான் காணும். கடற்காற்று வாங்குவதைத் தினசரிப் பழக்கமாகக் கொண்டவருக்கு அது போதாது.

சாலை வரை வந்துவிடலாம். அதற்கு அப்பால் துறைமுகம் சேர்த்துவைத்த மணல் இருக்கிறது. ஏறத்தாழ கால் கிலோமீட்டர் தூரம் கால் புதையப் புதைய நடப்பது முழங்கால் வலிக்காரருக்கு ஆகாத காரியம். மெரினாவுக்கு நாற்பது ஆண்டுகளாக வந்தும், கடைசிப் பத்து ஆண்டுகள் அலையைத் தொடாமலே திரும்பியவர்கள் ஏராளம். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 2022 நவம்பர் 27 அன்று விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அலைக்கு அருகில் வரை செல்லும் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலி உருட்டிக்கொண்டு போகலாம், கைப்பிடி பிடித்து நடக்கலாம். முதல் நாட்களில் வந்த கூட்டத்தில் பெரும்பகுதி, மணலில் தாராளமாக ஓடக்கூடிய இளவட்டங்கள்தான். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையின் முனையைப் பெயர்த்துப் போட்டது. மாநகராட்சி பழுது பார்த்து மறுபடி திறந்தது. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்கு இப்படி ஒரு பாதை போதாது. அடுத்தது, தெற்கே கலங்கரை விளக்கத்தின் பக்கம், மயிலாப்பூர்க்காரர்களுக்காக அமைய வேண்டும்.