யாருக்கும் சொந்தமில்லாத தரவுத்தளம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி நாட்களில், ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் மென்பொருள் பொறியாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். இத்தகைய நுண்ணளவீட்டுக்குக் கணினி அமைதியாக இருக்க வேண்டும்; வேறு வேலைகள் குறுக்கிடலாகாது. ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரல், காரணம் புலப்படாமல், செயலியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் உள்நுழைவும் ஏறத்தாழ அரை நொடி தாமதமாயிற்று. பிறர் பொருட்படுத்தாமல் கடந்திருக்கக்கூடிய அந்த அரை நொடியை அவர் விடவில்லை. தடம் பற்றிச் சென்றபோது, லினக்ஸ் உலகம் நம்பியிருந்த எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. மார்ச் 29 அன்று அதை உலகுக்கு அறிவித்தார்.

எக்ஸ்இசட் நிரலை நெடுங்காலம் பேணிவந்தவர் ஏறத்தாழ ஒரே ஒருவர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். களைத்திருந்த அவருக்குத் தோள் கொடுக்க வந்ததுபோல் ஒரு புனைபெயர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கை ஈட்டி, பொறுப்பைப் பெற்று, அதன் பின்னரே கதவைப் பொருத்தியது. கண்டுபிடித்தவர் அளந்துகொண்டிருந்த போஸ்ட்கிரெஸும் எக்ஸ்இசட்டைப் போன்ற பொதுச்சொத்துதான். அதற்கும் உரிமையாளர் இல்லை. ஆயினும் அதைக் காக்கும் கைகள் பல. ஒரு பொதுச்சொத்துக்குப் பல காவலர்கள் வாய்த்ததும் இன்னொன்றுக்கு ஒருவரே எஞ்சியதும் எவ்வாறு என்ற வினாவுக்கு விடை தேட, அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தரவுகளை உறவுகளாக, அதாவது நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். அக்கருத்தை நிரலாக்கிக் காட்ட முனைந்தோருள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் முதன்மையானவர்கள். அவர்கள் உருவாக்கியது இங்கிரெஸ். அதன் குறைகளைக் களைந்து புதிதாக ஒன்றைப் படைக்க 1986இல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய திட்டத்தின் பெயர் போஸ்ட்கிரெஸ்; இங்கிரெஸுக்குப் பிந்தையது என்பதே பெயர்க்காரணம். 1989இல் முதற்பதிப்பு வெளிவந்தது. பயனர்கள் பெருகினர். பெருகியதே சிக்கலாயிற்று. ஆராய்ச்சிக்குச் செலவிட வேண்டிய நேரம் பயனர்களுக்கு உதவுவதிலும் பிழை திருத்துவதிலும் கரைந்தது. எனவே 4.2ஆம் பதிப்போடு பல்கலைக்கழகம் திட்டத்தை முடித்துக்கொண்டது. அளவுக்கு மீறி விரும்பப்பட்டதாலேயே கைவிடப்பட்ட மென்பொருள் அது.

அந்த அநாதைக் குழந்தையை முதலில் எடுத்தவர்கள் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள். 1994இல் அதன் பழைய வினவல்மொழியை நீக்கி எஸ்க்யூஎல் மொழியைப் பொருத்தினர். போஸ்ட்கிரெஸ்95 எனப்பட்ட அது, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. அவ்வாண்டில் கனடாவின் மார்க் ஃபூர்னியே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே முதல் சேவையகத்தை அளித்தார். பிலடெல்பியாவில் புரூஸ் மோம்ஜியன், பசதீனாவில் தாமஸ் லாக்ஹார்ட், சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்கில் வதீம் மிகேயெவ் ஆகியோர் சேர்ந்தனர். நேரில் பார்த்திராதவர்கள் மின்னஞ்சலால் இணைந்து ஒரு நிரலை வளர்க்கத் தொடங்கினர்.

அவர்களுக்குக் கிடைத்த மரபுரிமை பெர்க்லி விட்டுச்சென்ற உரிமம். சில பத்திகளே கொண்டது. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், மாற்றியதை மூடியும் வைத்துக்கொள்ளலாம். பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. இந்தத் தாராளத்தால் போஸ்ட்கிரெஸிலிருந்து கிளைத்த மூடிய வணிகப் பொருள்கள் பல உண்டு. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் இருந்தது. பங்களிப்போர் தம் பதிப்புரிமையை எந்த நிறுவனத்துக்கும் எழுதித் தரவில்லை. ஆகவே முழுவதையும் விற்கும் அதிகாரம் யாரிடமும் சேரவில்லை.

இதன் பொருள் மைஎஸ்க்யூஎல் சென்ற வழியைப் பார்த்தால் விளங்கும். அதுவும் திறமூல மென்பொருளே. ஆனால் பதிப்புரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிளின் உடைமையாயிற்று. தரவுத்தளச் சந்தையின் பெருவணிகரிடம், அச்சந்தையின் மிகப் பரவலான திறமூல மாற்று போய்ச் சேர்ந்தது. மைஎஸ்க்யூஎல்லின் முதற்படைப்பாளர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், நிரலின் ஒரு கிளையைப் பிரித்து, தம் இளைய மகளின் பெயரால் மரியாடிபி எனத் தனியே வளர்க்க வேண்டியதாயிற்று. தாம் கட்டிய வீட்டில் தாமே குடியிருப்போர் ஆன நிலை அது.

போஸ்ட்கிரெஸை வாங்க முடியாது. ஆனால் அதை எழுதுவோரை வேலைக்கு எடுக்க முடியும். இந்தப் பாடம் 2000இல் கிடைத்தது. அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் தொடங்கப்பட்ட கிரேட் பிரிட்ஜ் என்னும் நிறுவனம், டாம் லேன் உள்ளிட்ட மையக் குழுவினர் மூவரைப் பணியில் அமர்த்தியது. 2001இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. பணி போயிற்று, நிரல் போகவில்லை. மையக் குழுவில் ஒரே நிறுவனத்தினர் பாதிக்கு மேல் இருக்கலாகாது என்னும் எழுதப்படாத விதி குழுவினரிடையே நிலவிவந்தது. 2020இல் அதற்குச் சோதனை வந்தது. இடிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியதால், ஐவர் கொண்ட மையக் குழுவில் மூவர் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டனர். சில வாரங்களிலேயே ஃபிராயிண்டும் ஜொனதன் காட்ஸும் சேர்க்கப்பட்டுக் குழு எழுவராயிற்று. எவரும் வெளியேற்றப்படவில்லை, விகிதம் மட்டும் சரிசெய்யப்பட்டது.

மூல நிரலில் நேரடியாக எழுதும் உரிமை உடையோர் உலகெங்கும் சில பத்துப் பேரே. ஆனால் திருத்தம் அனுப்பும் உரிமை எவருக்கும் உண்டு. ஆண்டுக்குச் சில முறை, ஒரு மாத காலம், புதிதாக எழுதுவதை நிறுத்திவைத்துப் பிறர் எழுதியதைப் படிப்பதற்கென ஒதுக்குகின்றனர். அதற்குக் கமிட்ஃபெஸ்ட் என்று பெயர். தம் திருத்தம் படிக்கப்பட வேண்டுமெனில் பிறர் திருத்தத்தைத் தாமும் படிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். இதன் கடுமைக்கு மெர்ஜ் கட்டளையின் வரலாறு சான்று. இந்தியப் பொறியாளர் பவன் தியோலாசி உள்ளிட்டோர் உழைத்த அதை, 2018 ஏப்ரலில் சைமன் ரிக்ஸ் மூல நிரலில் சேர்த்தார். அமைப்பு பக்குவப்படவில்லை என்று சகாக்கள் வாதிட்டனர். சில நாட்களில் ரிக்ஸ் தம் கையாலேயே அதை நீக்கினார். நான்காண்டுகள் கழித்து, 2022இல் 15ஆம் பதிப்பில், செப்பம் செய்யப்பட்ட வடிவில் அது மீண்டும் இடம்பெற்றது. தியோலாசி, ரிக்ஸ் இருவரும் அதன் ஆசிரியர்களாகப் பெயர் குறிக்கப்பட்டனர்.

மொழியியலாரை ஈர்க்கும் அத்தியாயம் ஒன்றும் உண்டு. சொற்களை எவ்வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் நெடுங்காலம் இயங்குதளத்தின் கிளிப்சி நூலகத்திடம் விட்டிருந்தது. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28ஆம் பதிப்பு, அகரவரிசை விதிகளைப் பன்னாட்டுத் தரத்துக்கேற்பப் பெருமளவு மாற்றியது. முன்பு 11 என்பதற்குப் பின் வந்த 1-1, இப்போது முன்னே வந்தது. தரவுத்தளத்தின் இன்டெக்ஸ் என்பது அகராதி போன்றது. வரிசையை நம்பியே தேடும். பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கும் பதிவு இல்லை என்று விடை வரும். ஒன்றே இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நுழையும். எந்த எச்சரிக்கையும் தோன்றாது. அகரவரிசை என்பது இயற்கை விதியன்று, மனிதர் செய்துகொண்ட உடன்பாடு என்பதைப் பல சேவையகங்கள் இழப்பின் வழியே அறிந்தன.

இதற்கான மருந்தும் படிப்படியாகவே வந்தது. 2017இல் 10ஆம் பதிப்பிலேயே ஐசியு நூலகம் மாற்று வழியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2024இல் 17ஆம் பதிப்பு, இயங்குதளத்தைச் சாராத உள்ளமைந்த வரிசைமுறை ஒன்றைத் தந்தது. அது ஒருங்குறி எண்களின்படி அடுக்குவது, ஆகவே மாறாதது. ஆனால் தமிழுக்கு அது அகராதி வரிசை ஆகாது. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் இறுதியில் நிற்பவை. எனவே தேடுவதற்கு மாறாத எண்வரிசையையும், வாசகருக்குக் காட்டுவதற்கு ஐசியு அறிந்த தமிழ் வரிசையையும் பயன்படுத்துவது தக்கது. இரண்டும் வெவ்வேறு தேவைகள் என்று பிரித்தறிந்ததே இவ்வத்தியாயத்தின் பயன்.

தமிழுக்கு மற்றோர் இடமும் உண்டு. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில், ஸ்னோபால் என்னும் பொதுத்திட்டத்திலிருந்து அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லித்துவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழுக்கான சொல்லடி பிரிப்பானும் சேர்ந்தது. விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் அகற்றிச் சொல்லின் அடியை நெருங்குவது அதன் பணி. ஒட்டுநிலை மொழியாகிய தமிழின் எல்லாப் புணர்ச்சிகளையும் எளிய விதிகள் பிடித்துவிட மாட்டா. ஆயினும், திருத்த விரும்பும் தமிழறிஞர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நிரல் திறந்தே கிடக்கிறது.

வாங்கும் முயற்சிகள் ஓயவில்லை. 2025 மே மாதம் டேட்டாபிரிக்ஸ், போஸ்ட்கிரெஸை அடிப்படையாகக் கொண்ட நியான் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஜூன் மாதம், டாம் லேன் பணியாற்றிவந்த கிரஞ்சி டேட்டாவை வாங்குவதாக ஸ்னோஃபிளேக் அறிவித்தது. நிறுவனங்கள் கைமாறின. செப்டம்பர் 25 அன்று 18ஆம் பதிப்பு, வட்டிலிருந்து படிக்கும்போது காத்திராமல் பிற வேலையைத் தொடரும் ஒத்திசையா உள்ளீட்டு வசதியோடு, வழக்கம்போல் இலவசமாக வெளிவந்தது. அவ்வசதிக்கு நெடுங்காலம் உழைத்தவர்களுள் ஃபிராயிண்ட் முதன்மையானவர்.

கள்ளக்கதவு அம்பலமாவதற்கு மூன்று நாள் முன்பு, 2024 மார்ச் 26 அன்று, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நிகழ்ந்த விமான விபத்தில் சைமன் ரிக்ஸ் மறைந்தார். தரவுத்தளத்தைக் கடந்த காலத்தின் குறித்த கணத்துக்கு மீட்கும் வசதியும், மாற்றுச் சேவையகம் காத்திருக்கும்போதே வினாக்களுக்கு விடைதரும் வசதியும் அவர் உழைப்பில் விளைந்தவை. ஒருவரையே நம்பிய மென்பொருளாயின் அவ்விழப்போடு தளர்ந்திருக்கும். அவர் எழுதிய வரிகளை முன்பே பலர் படித்திருந்தனர், வாதிட்டிருந்தனர், திருத்தியிருந்தனர். 2018இல் அவரைத் தம் கையாலேயே நீக்கச் செய்த அந்தக் கடுமைதான், அவர் இல்லாத நாளிலும் அவர் நிரலைப் புரிந்தவர்களை விட்டுவைத்தது.