ஏடும் மிடறும்: ஈழத்துக் கூத்து மரபில் மனனமும் எழுத்தும்

நாட்டார் பாடல் வாய்மொழிக்கே உரியது, ஏட்டைக் கையிலெடுத்தால் அம்மரபு சிதையும் என்ற கருத்து நம்மிடையே ஏறத்தாழக் கேள்விக்கிடமின்றி நிலவுகின்றது. ஈழத்துத் தமிழரின் மரபுவழிப் பாடல் நிகழ்வுகளை நெருங்கி நோக்குமிடத்து இக்கருத்து அரைகுறையானது என்பது புலனாகும். எழுத்து இருந்ததா என்பதிலும், அது யார் கையில் இருந்தது என்பதே எமக்கு முக்கியமான வினாவாகப் படுகின்றது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க மற்றொருவர் பயன் சொல்வார். அங்கு நூல் கண்முன் விரிந்திருப்பது குறைபாடன்று. அதுவே நிகழ்வின் மையம். இதற்கு மறுதலையாக, இழவு வீட்டு ஒப்பாரி ஏட்டை அறியாதது. இறந்தவரின் உறவையும் பாடுபவளின் துயரையும் கொண்டு அது அவ்விடத்திலேயே உருவாகின்றது. முன்னையதைப் படித்தோர் யார், பின்னையதைப் பாடியோர் யார் என வினவினால், சாதியும் நிலவுடைமையும் கல்வியை வரையறுத்த சமுதாயத்தின் பிரிகோடு தெளிவாகத் தெரியும்.

கூத்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களுக்கு எழுத்து உண்டு. அது அண்ணாவியாரின் ஏடு, பிற்காலத்திற் கொப்பி. கூத்துப் பழக்கத் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் உரிய பாடல்களை அவர் பிரித்துக் கொடுப்பார். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். எழுத்தறியாதோர் சொல்லக் கேட்டே பாடமாக்கினர். ஆடுபவன் கையில் வாளோ வில்லோ இருக்கும், காலிற் சதங்கை, விடியும்வரை ஆட்டம். தாளைப் பிடிக்க அவனுக்குக் கை ஏது? எனவே ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுவர். இம்மீள்பாடலை அலுப்பூட்டும் மிகை எனக் கருதுவோர் அதன் பயனைக் காணத் தவறுகின்றனர். பிற்பாட்டு ஒலிக்கும் அவ்விடைவெளியிலேயே கூத்தன் ஆடுகின்றான், மூச்சு வாங்குகின்றான், அடுத்த அடியையும் நினைவுக்குக் கொண்டுவருகின்றான். நினைவு இங்கு தனியொருவன் தலைக்குள் இருக்கும் சொத்தன்று. களரி முழுவதும் பங்கிட்டுச் சுமக்கும் பொருள்.

ஆயினும் இதனை ஒரு சமத்துவக் கனவாகக் காட்டுவது தவறு. கொப்பி யாரிடமோ அவரிடமே சொல்லின் அதிகாரமும் இருந்தது. அரச பாத்திரம் யாருக்கு, சேவகன் வேடம் யாருக்கு என்பதில் ஊரின் அந்தஸ்து வேறுபாடுகளும் நுழைந்தன.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தையும், 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும், 1966இல் மூவிராசாக்கள் நாடகத்தையும் பதிப்பித்தார். செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகக்கூடிய பிரதிகள் இவ்வாறு பொதுச்சொத்தாயின. அண்ணாவியாரின் பெட்டிக்கு வெளியேயும் சொல் வாழத் தொடங்கிற்று. ஆனால் அச்சு ஏற்றது சொல்லை மட்டுமே. 'தரு' என்ற தலைப்பு அச்சில் நிற்கும். அதன் மெட்டு எது, எவ்விடத்தில் நீட்டுவது, எந்த ஆட்டத்தோடு இணைப்பது என்பன நிற்கமாட்டா. நூலை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் கூத்தாட முடியாது.

அதே காலப்பகுதியிற் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியன மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்து குறுகிய நேரத்துக்குச் சுருக்கப்பட்டபோது மீள்பாடலும் குறைந்தது. நேரமே இதற்குக் காரணம் என்பர். பிரதியை வாசித்துத் தனித்தனியே மனனஞ் செய்யக்கூடிய பல்கலைக்கழக மாணவருக்கு அது தேவைப்படாமற் போனமையும் ஒரு காரணம் என நாம் கருதுகின்றோம். வித்தியானந்தனின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. அவரின்றேற் கற்றோர் பலர் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார். எனினும் கூட்டாகச் சுமந்த நினைவு அங்கு தனியாள் மனனமாக மாறியது.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியோரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்வினாவை வேறு திசையில் நகர்த்தியது. பிரதியில் உறைந்திருந்த சாதி, பால் நோக்குகளை ஆடுவோரும் அண்ணாவிமாரும் ஊராரும் கூடியிருந்து விவாதித்தனர். பாடல்களும் அவ்விவாதத்தினூடே மாற்றம் பெற்றன. அங்கு கொப்பி, திருத்தி எழுதப்படுவதற்காக ஊரின் நடுவே திறந்து வைக்கப்பட்டது.