வேலை தேட காசு எதுக்கு? இலவசமா கிடைக்கும் வழிகள் என்னென்ன - முழு விவரம்

சென்னை:

படித்து முடித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, "யாரையாவது புடிச்சு, கொஞ்சம் பணம் கொடுத்து உள்ளே நுழைச்சிடலாம்" என்பதுதான். தாலிச் செயினை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆனால் புரோக்கர் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் பல தகவல்கள் அரசு அலுவலகங்களில் சும்மாவே கிடைக்கின்றன. எங்கே போகணும், என்ன கேட்கணும் என்று தெரிந்தால் போதும். அதன் விவரம் வருமாறு:-

வேலைவாய்ப்பு ஆபீஸ்

10-ம் வகுப்பு முடித்ததுமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரை பதிவு செய்யலாம். இதற்கு கட்டணம் கிடையாது. வேலைவாய்ப்புத்துறையின் இணையதளத்தில் வீட்டில் இருந்தே பதியலாம். மார்க் ஷீட், சாதி சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றை தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். முதுநிலை பட்டம், தொழிற்கல்வி பட்டம் பெற்றவர்களுக்கு சென்னையிலும் மதுரையிலும் தனி அலுவலகங்கள் இருக்கின்றன.

3 வருஷத்துக்கு ஒருமுறை பதிவை புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விட்டுப்போனால் பதிவு மூப்பு போய்விடும். மறந்தவர்களுக்கு அரசு எப்போதாவது சலுகை தரும். 2021 டிசம்பரில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஆனால் அதை நம்பி சும்மா இருக்கக் கூடாது. புதுப்பிக்கும் மாதத்தை காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

அதே நேரம், "பதிஞ்சாச்சு, கார்டு வரும்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதும் வேலைக்கு ஆகாது. வேலைவாய்ப்பு ஆபீசில் இருந்து பட்டியல் வாங்கினால் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்பு சொன்னது. எனவே விளம்பரம் வரும்போது தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டும்.

உதவித்தொகை உண்டு

பதிவு செய்து 5 வருஷம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாத உதவித்தொகை திட்டம் இருக்கிறது. 10-ம் வகுப்பு பெயில் ஆனவர்களுக்கு ரூ.200, பாஸ் ஆனவர்களுக்கு ரூ.300, பிளஸ்-2 முடித்தவர்களுக்கு ரூ.400, பட்டதாரிகளுக்கு ரூ.600 என 3 ஆண்டுகளுக்கு தரப்படும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். வயது 40-க்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45 வயது வரை சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகள் பதிவு செய்து ஒரு வருஷம் முடிந்தாலே விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு தொகையும் கூடுதல், 10 ஆண்டுகள் வரை கிடைக்கும்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் இன்டர்வியூவுக்கு போய்வர பஸ் செலவுக்காவது ஆகும்.

தனியார் வேலைக்கு

மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் தனியார் கம்பெனிகளை வரவழைத்து முகாம் நடத்துகிறார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். இது தவிர பெரிய அளவிலான முகாம்களும் நடப்பதுண்டு. அனுமதி இலவசம்.

2020-ல் தொடங்கப்பட்ட 'தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையம்', 2015-ல் மத்திய அரசு தொடங்கிய 'தேசிய வேலைவாய்ப்பு சேவை' ஆகிய இரண்டு இணையதளங்களிலும் காசு இல்லாமல் பெயரை பதியலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. அரசு இணையதள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என பார்க்க வேண்டும். அரசு முத்திரையை மட்டும் போட்டு போலி தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள்.

முகாமுக்கு போகும்போது பயோடேட்டா 10 காப்பி, போட்டோ, சான்றிதழ் ஜெராக்ஸ் கையில் இருக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழை காட்டலாம். ஆனால் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வரும், பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா, எத்தனை மணி நேரம் வேலை, ஓ.டி. காசு தனியா, கம்பெனி பஸ் வருமா, நேரடி வேலையா கான்டிராக்டா என்பதையும் கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஐ.டி.ஐ. படித்தவர்கள் தொழில் பழகுநர் பயிற்சியில் சேரலாம். 1961-ம் ஆண்டு சட்டப்படி நடக்கும் பயிற்சி இது. மாதாமாதம் உதவித்தொகையோடு வேலையும் பழகலாம்.

அரசு வேலைக்கு படிக்க

10-ம் வகுப்பு தகுதிக்கு உள்ள முக்கியமான தேர்வு டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4. மொத்தம் 200 கேள்வி, 300 மார்க். இதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியை திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டியது இல்லை, பள்ளிக்கூட பாடப்புத்தகத்தை ஒழுங்காக படித்தாலே பாதி கிணறு தாண்டலாம்.

கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 'தன்னார்வ பயிலும் வட்டம்' இருக்கிறது. அங்கு இலவச வகுப்பு நடக்கும், புத்தகமும் இருக்கும். சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம், 2010-ல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகிய இடங்களிலும் உட்கார்ந்து படிக்கலாம்.

வெளிநாடு போறவங்க கவனத்துக்கு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஏஜெண்டுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் உண்டா இல்லையா என்பதை 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். லைசென்ஸ் உள்ள ஏஜெண்டும் விதிப்படி ரூ.30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்க முடியும். அதற்கு ரசீது தர வேண்டும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது.

"இப்போ டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி மியான்மர், கம்போடியா, லாவோஸ் போன இளைஞர்கள் ஆன்லைன் மோசடி கும்பலிடம் சிக்கி அடி உதை பட்டது 2022 முதல் தொடர்ந்து வெளிவந்த செய்தி. அதில் தமிழக வாலிபர்களும் உண்டு.

மோசடியை கண்டுபிடிப்பது எப்படி?

* ரிஜிஸ்திரேஷன், யூனிபார்ம், டிரெயினிங், டெபாசிட் என்று எந்த பெயரில் பணம் கேட்டாலும் உஷார்.

* பரீட்சையும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை, நேரா ஆர்டர் என்றால் அந்த ஆர்டர் போலி.

* 'வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் காசு' என்று முதலில் நூறு, இருநூறு தருவார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது.

* சம்பளம் போட என்று சொல்லி ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்த கணக்கில் திருட்டுப் பணம் புழங்கினால் போலீசார் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான்.

ஆன்லைனில் பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. நேரில் கையில் கொடுத்த பணம் என்றால் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். முதலிலேயே காசு கேட்பவர் கையில் வேலை இருக்காது.